கம்பெனிப் பட்டையா, கடைப் பட்டையா?

லாரியின் சஸ்பென்ஷனுக்கு மூன்று வேலைகள். சுமையைத் தாங்க வேண்டும். சாலைக் குழியின் குலுக்கல் முழுசாகச் சேசிஸுக்கு ஏறாமல் தணிக்க வேண்டும். ஆக்ஸிலை அதன் இடத்தில் நேராகப் பிடித்து வைக்க வேண்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது பேச்சில் அதிகம் வருவதில்லை. இந்திய லாரிகளில் பெரும்பாலானவை இன்றும் பட்டை ஸ்பிரிங்கில்தான் ஓடுகின்றன. பட்டைக் கட்டின் ஒரு முனைக் கண் சேசிஸ் பிராக்கெட்டில் நகராமல் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை, கட்டு நிமிரும்போது நீள்வதற்கு இடம் கொடுத்து ஷேக்கிளில் தொங்கும். இந்த அமைப்பில் பிரேக் பிடிக்கும் விசையும் வண்டியை முன்தள்ளும் விசையும் கண்கள் உள்ள மேல் பட்டையான மெயின் பிளேட் வழியாகத்தான் சேசிஸைச் சேர்கின்றன. அதனால் மெயின் பிளேட் கண்ணருகே முறிந்தால் வண்டி ஒருபக்கம் சாய்வதோடு நிற்காது, ஆக்ஸிலே இடம் மாறும். முன் ஆக்ஸிலில் இது நடந்தால் ஸ்டீயரிங் டிரைவர் சொன்னபடி கேட்காது.

பட்டை முறிந்தோ தொய்ந்தோ போனபின் எதை வாங்குவது என்ற கேள்வி வருகிறது. 'ஒரிஜினல்', 'லோக்கல்' என்ற இரண்டே சொற்களில் இதைப் பேசி முடித்துவிடுவது வழக்கம். சந்தையில் இருப்பது அத்தனை எளிய பிரிவினை இல்லை. லாரி கம்பெனிகளில் பல, பட்டையைத் தாமே செய்வதில்லை. வரைபடமும் தர விவரமும் கொடுத்து, அதற்கென்றே இருக்கும் ஸ்பிரிங் தொழிற்சாலைகளில் செய்து வாங்குகின்றன. 1954இல் ஹரியானாவின் யமுனா நகரில் தொடங்கிய ஜம்னா ஆட்டோ நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டு. இந்திய லாரி கம்பெனிகளுக்குப் பட்டை கொடுக்கும் இந்நிறுவனம், சென்னைப் பகுதி உட்படப் பல இடங்களில் ஆலை வைத்திருக்கிறது. தன் சொந்தப் பெயரிலும் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறது. ஆக, லாரி கம்பெனியின் பெட்டியில் வரும் பட்டையும், அதைச் செய்த ஆலையின் பெட்டியில் வரும் பட்டையும் ஒரே உலையில் காய்ந்தவையாக இருக்கக்கூடும். இவற்றுக்கு அடுத்து, கம்பெனிக்குச் சப்ளை இல்லாவிட்டாலும் சொந்த வடிவமைப்பும் சோதனைக்கூடமும் உள்ள ஆலைகளின் சரக்கு. அதற்கும் கீழே, பெயரில்லாத பட்டறைச் சரக்கு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் பழைய பட்டை இன்னொரு வகை. எல்லாவற்றுக்கும் அடியில், கம்பெனி லோகோவைத் திருடி ஒட்டிய போலிச் சரக்கு. வெளிச்சந்தைச் சரக்கு என்றாலே போலி என்று நினைப்பது கம்பெனி டீலருக்கு மட்டும் லாபமான தவறு.

தரம் எங்கே உருவாகிறது என்பதைப் பார்க்க ஒரு பட்டையின் பிறப்பைப் பின்தொடரலாம். மூலப்பொருள், சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு. அல்லது குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகு. தட்டையான கம்பியை அளவுக்கு வெட்டி, நடுவில் சென்டர் போல்ட் ஓட்டை போட்டு, மெயின் பிளேட்டின் முனைகளைச் சுருட்டிக் கண் எடுக்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்குகிறார்கள். அப்போது எஃகு கடினமாகும். கூடவே, கண்ணாடி மாதிரி உடையும் குணமும் வந்துவிடும். அதைப் போக்க 400 முதல் 500 டிகிரி வாக்கில் மறுபடி சூடேற்றிப் பதம் பார்க்க வேண்டும். இந்தப் பதம்தான் பட்டையின் உயிர். இந்த மறுசூடு குறைந்தால் பட்டை முறியும், மிஞ்சினால் தொய்யும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உலையில் இன்னொரு கேடும் நடக்கலாம். சூட்டைக் கட்டுப்படுத்தாமல் நெடுநேரம் விட்டால் எஃகின் மேல்தோலிலிருந்து கார்பன் எரிந்து வெளியேறிவிடும். உள்ளே கடினம், வெளியே மென்மை என்ற பட்டை பிறக்கும். உலோகச் சோர்வால் வரும் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது என்பதால் இது சின்னக் குறை இல்லை. ஒரே தடவை ஏற்றிய பெரிய சுமையைவிட, லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும் சிறிய சுமை உலோகத்தை முறிக்கக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் ஆக்ஸில்களை வைத்து விரிவாகச் சோதித்துக் காட்டினார். லாரிப் பட்டையின் வாழ்க்கையும் அதே கதைதான்.

இந்தச் சோர்வை எதிர்க்க நல்ல ஆலைகள் செய்யும் வேலைக்கு ஷாட் பீனிங் என்று பெயர். பொடி எஃகுக் குண்டுகளைப் பட்டையின் மேல் வேகமாக அடிப்பார்கள். ஒவ்வொரு குண்டும் ஒரு நுண்ணிய பள்ளம் போடும். மேல்தோல் நாலாபுறமும் விரிய முயலும். உள்ளிருக்கும் உலோகம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். விளைவாக மேல்தோல் நிரந்தரமாக அமுக்கத்தில் இருக்கும். அமுக்கத்தில் இருக்கும் இடத்தில் விரிசல் வாய் திறப்பது கடினம். சுமை ஏறும்போது பட்டையின் உட்குழிந்த மேல்பக்கம்தான் இழுவிசைக்கு ஆளாகிறது. குண்டடி முக்கியமாக விழ வேண்டியதும் அங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மென் இந்த அடியின் தீவிரத்தை அளக்க ஓர் எளிய வழி கண்டார். மெல்லிய எஃகுத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டடித்தால் அது வளையும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு தீவிரம். இன்றும் ஆலைகள் ஆல்மென் துண்டை வைத்துத்தான் சரிபார்க்கின்றன. பெயரில்லாத பட்டறையில் பெரும்பாலும் முதலில் விடுபடும் படியும் இதுதான். ஏனென்றால் இதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பெயின்ட் அடித்தபின் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு விஷயமும் இருக்கிறது: தடிமன். பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறும். கடையில் 12 மில்லிமீட்டர் என்று சொல்லி விற்ற கட்டு உண்மையில் 11 மில்லிமீட்டர் பட்டைகளால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விறைப்பு 23 சதவீதம் குறைந்துவிடும். அதே சுமைக்கு எஃகில் எழும் தகைவு சுமார் 19 சதவீதம் கூடும். சோர்வு ஆயுள் தகைவோடு சேர்ந்து மெதுவாகக் குறைவதில்லை, சரிந்து விழும்; 19 சதவீதக் கூடுதல் தகைவு ஆயுளைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடக் கூடும். ஒரு வெர்னியர் காலிப்பர் ஐந்து நிமிடத்தில் சொல்லும் உண்மை இது. எடைத்தராசும் சொல்லும்: ஒரே பார்ட் நம்பருக்கு இரண்டு கட்டுகளின் எடை கணிசமாக வேறுபட்டால், எங்கோ எஃகு குறைந்திருக்கிறது.

அப்படியானால் தடித்த பட்டை நல்லதா? இங்கேதான் பட்டறை அனுபவமும் இயற்பியலும் மோதிக்கொள்கின்றன. எட்டுப் பட்டைக் கட்டில் ஒன்று முறிந்துவிட்டது, மற்றவை 12 மில்லிமீட்டர். 'கெட்டியாக இருக்கட்டும்' என்று 14 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை இடையில் செருகுகிறார்கள். கட்டில் உள்ள பட்டைகள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு வளைகின்றன. ஒரே வளைவுக்கு எந்தப் பட்டை தடிமனோ அதன் மேற்பரப்பு அதிகம் இழுபடும். ஆகவே புதிதாகப் போட்ட தடித்த பட்டை, பக்கத்துப் பட்டைகளைவிடச் சுமார் 17 சதவீதம் கூடுதல் தகைவைச் சுமக்கிறது. கெட்டியான பட்டைதான் முதலில் முறியும். முறிந்ததும் பழி எஃகின் மீது விழும்.

வளைவிலும் இப்படியொரு நுட்பம் உண்டு. கழற்றிய கட்டின் பட்டைகளைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் கீழே போகப் போக வளைவு கூடிக்கொண்டே போவது தெரியும். சென்டர் போல்ட்டை முறுக்கும்போது அவை ஒன்றையொன்று இழுத்து, மெயின் பிளேட்டுக்கு வேலைச் சுமைக்கு எதிர்த்திசையில் முன்கூட்டியே ஒரு தகைவைக் கொடுத்துவிடும். கண்ணில் பிரேக் விசையும் சுமக்கும் மெயின் பிளேட்டுக்கு இப்படிச் சலுகை காட்டுவது வரைந்தவரின் சாமர்த்தியம். தொய்ந்த பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துத் தூக்கும்போது இந்தக் கணக்கு கலைகிறது, பதமும் போகிறது, ஷாட் பீனிங் தந்த அமுக்கமும் சூட்டில் கரைகிறது. அடித்துத் தூக்கிய பட்டை சில மாதங்களில் மறுபடி தொய்வதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவும் சொன்னபின் கம்பெனிச் சரக்கைத் தெய்வமாக்கத் தேவையில்லை. லாரி கம்பெனி வரைவது சாத்தியமான மிகச் சிறந்த பட்டையை அல்ல. குறிப்பிட்ட சுமைக்கு, குறிப்பிட்ட ஆயுளுக்கு, குறிப்பிட்ட செலவுக்குள் அடங்கும் பட்டையை. அந்தச் சுமை சட்டப்படியான சுமை. 2018 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது, இரட்டை ஆக்ஸிலுக்கு 19 டன் என்றிருந்தது 21 டன் ஆனது. அதற்கு முன் வரையப்பட்ட வண்டியும் பின் வரையப்பட்ட வண்டியும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், பட்டைக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மணல், ஜல்லி, கிரானைட் என்று வரம்பை மீறி ஏற்றும் வண்டியில் கம்பெனிப் பட்டை சீக்கிரம் தொய்கிறது. உடனே 'ஒரிஜினல் வீக், லோக்கல் ஸ்ட்ராங்' என்ற பேச்சு பரவுகிறது. அந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி ஓவர்லோடு.

எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்பதால் வண்டியின் தாங்குதிறன் கூடிவிடாது. ஆக்ஸில், ஹப், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. பிரேக்கில் ஒரு மறைமுக ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பல லாரிகளில் சேசிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கும். பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து வண்டி காலியா லோடா என்று அது தீர்மானித்து, பின் பிரேக்குக்குக் காற்றழுத்தத்தைப் பங்கிடும். விறைப்பான பட்டை குறைவாக அமுங்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். முழு லோடு, பாதி பிரேக். பட்டையை மாற்றினால் வால்வின் அமைப்பையும் சரிபார்க்க வேண்டும் என்று கம்பெனிக் கையேடுகள் சொல்வது இதனால்தான். ஆனால் பட்டைக் கடையில் அந்தக் கையேடு இருப்பதில்லை.

டிரைவரின் முதுகும் கணக்கில் வரும். முழு லோடில் ஒரு பின் பட்டை 100 மில்லிமீட்டர் அமுங்கினால் வண்டி நொடிக்குச் சுமார் 1.6 தடவை ஆடும். காலியாக, நான்கில் ஒரு பங்கு சுமையில், 25 மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஆட்டம் நொடிக்கு 3.2 தடவைக்கு ஏறும். தடிமன் பத்து சதவீதம் கூடிய பட்டை போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து, காலி வண்டியின் ஆட்டம் 3.6 தடவையை எட்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்துக் குலுக்கலை மிக மோசமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டத்தில். 'கெட்டியான' பட்டை வண்டியை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது.

பரபோலிக் பட்டை உள்ள புதிய வண்டிகளில் விளையாட்டுக்கு இடமே இல்லை. நடுவில் தடித்து முனைக்கு மெலியும் இரண்டு மூன்று பட்டைகளே மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. உராய்வு குறைவு, எடை குறைவு. ஆனால் ஒன்று முறிந்தால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ ஒரேயடியாகப் போய்விடும். இந்த மெலிவைச் சரியாக உருட்டி எடுக்கத் தனி எந்திரம் வேண்டும். இந்த வகையில் கம்பெனிச் சரக்கு, அல்லது அதைச் செய்யும் ஆலையின் சரக்கு, இவற்றைத் தாண்டிப் போவது வீண் துணிச்சல்.

மற்ற பாகங்களில் நிலைமை வேறு. ஷாக் அப்சார்பர் திடீரென்று கைவிடாது. எண்ணெய் கசியும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும், குலுக்கல் கூடும். மெதுவாகத் தேயும் பாகம் என்பதால் நல்ல பெயருள்ள வெளிச்சந்தைச் சரக்கை நம்பிப் போடலாம். இதைச் செய்வதும் பெரும்பாலும் தனி ஆலைகளே. புஷ்களில் வெளிச்சந்தை சில நேரம் கம்பெனியை முந்தும். ரப்பர் புஷ் அதிர்வை உறிஞ்சும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். பாலியூரித்தேன் புஷ் எண்ணெயையும் தேய்மானத்தையும் தாங்கும். அதிர்வைப் பிராக்கெட்டுக்கு அதிகம் கடத்தும். குவாரியில் ஓடும் டிப்பருக்கு இது லாபமாக இருக்கலாம், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அவசியமில்லை. கன்மெட்டல் புஷ் கிரீஸ் அடிக்கும் கையைப் பொறுத்தது. கிரீஸ் மறந்தால் எந்தக் கம்பெனி புஷ்ஷும் பின்னை அரித்துவிடும். ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பைகளில் வேறுபாடு இன்னும் சுருங்குகிறது. உலகில் அவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் சிலவே. ஃபயர்ஸ்டோன், கான்டினென்டல் போன்றவை வண்டிக் கம்பெனிக்கும் கொடுக்கின்றன, கடைக்கும் கொடுக்கின்றன.

யு போல்ட், டார்க் ராடு இரண்டும் விலையில் சிறியவை, பொறுப்பில் பெரியவை. யு போல்ட்டின் பிடி தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸில் நகரும். பின்னால் இரட்டை ஆக்ஸில் உள்ள போகி வண்டிகளில் ஆக்ஸில்களை முன்னும் பின்னும் பிடித்திருப்பது டார்க் ராடு. இந்த இரண்டிலும் தர எண் குத்தப்படாத சரக்கை வாங்கக் கூடாது. கழற்றிய யு போல்ட்டை மறுபடி போடுவதும் சிக்கனம் ஆகாது. ஒருமுறை முறுக்கி நீண்ட மரை இரண்டாம் முறை அதே பிடியைத் தராது.

அளவுப் பிழை எஃகின் தரத்தைவிட நாசுக்காகக் காசைத் தின்னும். மெயின் பிளேட்டின் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் ஓட்டை வரையுள்ள தூரம் இடம், வலம் இரண்டு பட்டைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பட்டைகளுக்கும் இடைவெளி ஒரு மீட்டர் என்றும், இந்தத் தூரத்தில் வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். இரட்டை ஆக்ஸிலில் ஒன்று மற்றதற்கு இணையாக இல்லாமல் திரும்பி நிற்கும். கிலோமீட்டருக்கு 3 மீட்டர் என்ற கணக்கில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும், சேசிஸ் விடாது, அந்த 3 மீட்டரையும் டயர்கள் சாலையில் தேய்ந்து ஈடுகட்டும். பட்டையில் மிச்சம் பிடித்த பணம் டயர்க் கடைக்குப் போவது இப்படித்தான்.

வாரண்டி உள்ள வண்டியில் கேள்வி தொழில்நுட்பத்தைத் தாண்டிச் சட்டத்துக்குள் போகிறது. பாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பாகம் செய்யும் ஆலைகள் தாமே கடைக்கு விற்பதைத் தடுத்த ஒப்பந்தங்களும் அதில் விசாரிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி இன்னும் நேரடியானது: பாகம் செய்யும் ஆலை தன் முத்திரையைப் பாகத்தின் மேல் தெரியும்படி பதிப்பதை வண்டிக் கம்பெனி தடுக்கக் கூடாது. யார் செய்த சரக்கு என்று வாங்குபவருக்குத் தெரிவது அடிப்படை உரிமை என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கிறது. போலி முத்திரை வேறு விவகாரம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனாலும் வாரண்டிக் காலம் முடியும்வரை சஸ்பென்ஷனில் கம்பெனிச் சரக்கைப் போடுவதே நடைமுறையில் தொல்லை குறைந்த வழி.

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. கம்பெனிப் பட்டை 100 ரூபாய், கடைப் பட்டை 60 ரூபாய் என்று வைப்போம். கழற்றி மாட்டும் கூலி 20, வண்டி நின்ற நாளின் வாடகை இழப்பு, தவணை, டிரைவர் பேட்டா சேர்த்து 40. எந்தப் பட்டை போட்டாலும் பின்னிரண்டு செலவும் மாறாது. ஆக, ஒரு தடவைக்கு முன்னது 160, பின்னது 120. கடைப் பட்டை, கம்பெனிப் பட்டையின் ஆயுளில் முக்கால் பங்கு உழைத்தால் இரண்டும் சமம். அதற்குமேல் உழைத்தால் கடைப் பட்டை லாபம். பாதி ஆயுளில் முறிந்தால் 160 ரூபாய் வேலைக்கு 240 ரூபாய் செலவு. முறிவு பட்டறை வாசலில் நடக்காமல் நடுவழியில் மலைப்பாதையில் நடந்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

எனவே தேர்வை வண்டி முழுவதற்கும் ஒரே முடிவாக எடுக்காமல், பாகத்துக்குப் பாகம் எடுப்பதே சரி. முன் ஆக்ஸிலின் மெயின் பிளேட், இரண்டாம் பிளேட், பரபோலிக் பட்டை, டார்க் ராடு, யு போல்ட் இவற்றில் கம்பெனிச் சரக்கு அல்லது அதே ஆலையின் சொந்தப் பெயர்ச் சரக்கு. இரண்டாவது கிடைத்தால் அதுவே புத்திசாலித்தனம், பெட்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சம். பின் கட்டின் கீழ்ப் பட்டைகள், ஷாக் அப்சார்பர், புஷ் ஆகியவற்றில் பட்டைக்கான ஐ.எஸ். 1135 தரத்தையோ தங்கள் சோதனை விவரத்தையோ காட்டத் தயங்காத வெளிச்சந்தை ஆலைகள் போதும். வாழ்நாளின் கடைசியில், பாதி நாள் ஷெட்டில் நிற்கும் பழைய வண்டிக்குக் கம்பெனி விலை கொடுப்பது வீண். பழைய பட்டையை மட்டும் எந்த வண்டிக்கும் வாங்க வேண்டாம். எத்தனை லட்சம் தடவை வளைந்து முடித்தது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கடையில் வாங்கும்போது குத்திய பேட்ச் எண் இருக்கிறதா, ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா, கண் முழுசாகச் சுருண்டு மூடியிருக்கிறதா, பெயின்ட் மெல்லிய இடத்தில் குண்டடியின் மங்கலான புள்ளித் தோல் தெரிகிறதா என்று பார்க்கலாம். இடம், வலம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். மாட்டியபின் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு யு போல்ட்டை முறுக்கி, முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து, பெயின்ட் நசுங்கி, பிடி தானாகவே தளர்ந்திருக்கும். ஓட்டை இருக்கும் நடுப்பகுதி வளையாமல் காப்பது அந்தப் பிடி ஒன்றுதான். அது தளர்ந்த வண்டியில் கம்பெனிப் பட்டையும் சென்டர் போல்ட் ஓட்டையில்தான் முறியும்.